வானத்திலிருந்து இறங்கிய படை



போன வாரம் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். பள்ளி முடிந்து, செம்பனை லோரி போகும் சாலையோரம் அப்பாவுக்காகக் காத்திருந்த பிள்ளை. கையில் அக்காவின் கைப்பேசி. அதில் ஒரு விளையாட்டு. நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். தரையைத் தொட்டதும் வெறுங்கையோடு ஓடிப்போய்த் துப்பாக்கி தேடுகிறார்கள்.

"ஐயா, நெசமாவே இப்படிக் குதிச்சு ஒரு தீவப் புடிச்சிருக்காங்களா?"

"புடிச்சிருக்காங்கப்பா."

"கையில துப்பாக்கி இல்லாமயா?"

"ஆமா, முக்கால்வாசிப் பேரு துப்பாக்கி இல்லாமத்தான் குதிச்சாங்க."

பையன் நம்பவில்லை. ஐயா கிண்டல் பண்ணுகிறார் என்று சிரித்தான். அதற்குள் அவன் அப்பாவின் மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. அவனுக்குச் சொல்ல முடியாமல் போனதை இங்கே உங்களுக்குச் சொல்கிறேன். அவன் வீட்டிலும் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள்.

அட்லஸ் உள்ளவர்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே மத்தியதரைக் கடல். கிரேக்க நாட்டுக்குத் தெற்கே, கிழக்கு மேற்காக ஒரு முருங்கைக்காய் போல நீண்டு கிடக்கிறதே, அதுதான் கிரீட் தீவு. நீளம் சுமார் 260 கிலோமீட்டர். அகலம் சில இடங்களில் 12 கிலோமீட்டர்தான். மொத்தப் பரப்பு ஏறக்குறைய நமது சிலாங்கூர் மாநிலம். நடுவே முதுகெலும்பு போல மலை. வடக்குக் கரையில்தான் பெரிய ஊர்கள், துறைமுகம், மூன்று விமானத் திடல்கள் எல்லாம். மேற்கே மலேமே, நடுவே ரெத்திம்னோ, கிழக்கே ஹெராக்லியோன். பெயர்கள் வாயில் நுழையாவிட்டால் மலேமேயை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தீவின் தலையெழுத்து அங்கேதான் எழுதப்பட்டது.

1941 ஏப்ரலில் ஹிட்லரின் படை கிரேக்க நாட்டைப் பிடித்தது. அங்கிருந்து தப்பிய பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களில் பலர் கப்பலேறிக் கிரீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பீரங்கி, லோரி, செய்திக் கருவி எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிட்டு வந்தவர்கள். பதுங்குகுழி வெட்ட மண்வெட்டி இல்லாமல் இரும்புத் தொப்பியால் மண்ணை வாரியவர்களும் உண்டு. கிரேக்க வீரர்களையும் சேர்த்துத் தீவில் ஏறக்குறைய 40,000 பேர். அவர்களுக்குத் தளபதி நியூசிலாந்தைச் சேர்ந்த பிரைபெர்க். முதல் உலகப் போரில் விக்டோரியா சிலுவை பெற்ற வீரர். ஆனால் தீவு அவர் கைக்கு வந்தது ஏப்ரல் 30ஆம் தேதி. சண்டைக்கு மூன்று வாரம்கூட இல்லை. எஞ்சியிருந்த சில போர் விமானங்களும் மே 19ஆம் தேதி எகிப்துக்குப் போய்விட்டன. விமானம் போய்விட்டது, திடல்கள் மட்டும் அப்படியே இருந்தன. பின்னால் நமக்கே உதவும் என்று அவற்றை உழுது பாழாக்காமல் விட்டுவைத்தார்கள். கடைசியில் யாருக்கு உதவியது என்று பாருங்கள்.

கடலில் பிரிட்டிஷ் கடற்படை பலமாக இருந்தது. அதனால் ஜெர்மானியர் வானத்தை நம்பினார்கள். கூர்ட் ஷ்டூடண்ட் என்ற தளபதி வகுத்த திட்டம் அது. வான்குடையிலும், இயந்திரமில்லாத கிளைடர் விமானத்திலும் வீரர்களை இறக்கி, ஒரு விமானத் திடலைப் பிடிக்க வேண்டும். பிடித்த திடலில் விமானம் விமானமாக மற்றப் படையைக் கொண்டுவந்து கொட்ட வேண்டும். பெரியதொரு தீவை வான்படையை முதன்மையாக வைத்துப் பிடிக்க முயன்றது உலகத்தில் அதுவே முதல் தடவை.

மே 20ஆம் தேதி காலை. முதலில் குண்டு மழை. பிறகு மூன்று இயந்திரம் பூட்டிய 'யூங்கர்ஸ்' விமானங்கள் கூட்டங்கூட்டமாக வந்தன. சுமார் 120 மீட்டர் உயரத்திலிருந்து வீரர்கள் குதித்தார்கள். இப்போது நம் மாணவனின் கேள்விக்கு வருகிறேன். ஜெர்மன் வான்குடையின் கயிறு தோளில் இல்லை, முதுகில் ஒரே இடத்தில் கட்டியிருந்தது. தொங்குகிறவன் திசை திருப்ப முடியாது. கையும் முழங்காலும் முன்னால் பட விழ வேண்டும். நீளத் துப்பாக்கியை உடம்பில் கட்டிக்கொண்டு அப்படி விழுந்தால் எலும்பு முறியும். ஆகவே பெரும்பாலோரிடம் கைத்துப்பாக்கியும் கத்தியும் கையெறி குண்டும்தான். நீளத் துப்பாக்கியும் இயந்திரத் துப்பாக்கியும் தனிப் பெட்டிகளில், தனி வான்குடையில் வந்து விழும். இறங்கியவன் ஓடிப்போய்த் தன் பெட்டியைத் தேட வேண்டும்.

கீழே என்ன இருந்தது? நம் பால்மரக் காடு போல நிரை நிரையாக ஒலிவ மரங்கள். அவற்றின் நிழலில் நியூசிலாந்து வீரர்கள். முந்தைய வாரங்களில் மேலே பறந்து படமெடுத்த ஜெர்மன் விமானிகளுக்கு அவர்கள் கண்ணில் படவே இல்லை. தீவில் ஐயாயிரம் பேர்தான் இருப்பார்கள், ஊர்மக்கள் மாலை போட்டு வரவேற்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு குதித்தார்கள் பாவிகள். மலேமேக்குக் கிழக்கே இறங்கிய ஒரு பட்டாளத்தில் 600 பேரில் சுமார் 400 பேர் முதல் நாளே மாண்டார்கள். மரத்தில் சிக்கித் தொங்கியபடியே செத்தவர்களும் உண்டு. பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய பையன்கள். எதிரிதான், என்றாலும் எழுதக் கை கூசுகிறது.

ஊர்மக்கள் மாலையோடு வரவில்லை. கிரீட் தீவின் இளைஞர்களைக் கொண்ட படைப்பிரிவு கிரேக்கப் பெருநிலத்தில் சிக்கிக்கொண்டது. ஊரில் இருந்தவர்கள் கிழவர்கள், பெண்கள், சிறுவர்கள். அவர்கள் தாத்தா காலத்து வேட்டைத் துப்பாக்கி, அரிவாள், கோடரி, தடி என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் இறங்கினார்கள். சம்பளமும் இல்லை, சீருடையும் இல்லை. என் வீட்டு வாசலில் நீ யாரடா என்ற கேள்விதான்.

அன்று மாலை ரெத்திம்னோவிலும் ஹெராக்லியோனிலும் இறங்கிய கூட்டத்துக்கும் அதே கதி. முதல் நாள் பொழுது சாய்ந்தபோது ஒரு விமானத் திடல்கூட ஜெர்மானியர் கையில் இல்லை. ஏதென்ஸ் நகரத்து ஓட்டலில் இருந்த ஷ்டூடண்டுக்கு வந்ததெல்லாம் கெட்ட செய்தி.

அப்படியானால் தீவு எப்படிப் போயிற்று? கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மலேமே திடலுக்குத் தெற்கே ஒரு குன்று. 107 மீட்டர் உயரம் என்பதால் இராணுவ வரைபடத்தில் அதற்குக் குன்று 107 என்று பெயர். அதன் மேல் நிற்பவனுக்குக் கீழே உள்ள திடல் உள்ளங்கை போலத் தெரியும். அதைக் காத்தது நியூசிலாந்தின் 22ஆம் பட்டாளம். தலைவர் ஆண்ட்ரூ. இவரும் முதல் உலகப் போரில் விக்டோரியா சிலுவை வாங்கியவர். சுமார் 600 பேரைக் குன்றிலும், திடலின் ஓரத்திலும், மேற்கே ஆற்றங்கரையிலும் பிரித்து நிறுத்தியிருந்தார்.

தொலைபேசிக் கம்பியை மண்ணுக்குள் புதைக்கவில்லை. காலையில் விழுந்த குண்டிலேயே அது அறுந்துபோனது. இருந்த வானொலிக் கருவிக்கும் உயிர் போதவில்லை. திடலோரத்து அணி என்னவாயிற்று, ஆற்றங்கரை அணி என்னவாயிற்று? ஆண்ட்ரூவுக்கு ஒன்றும் தெரியாது. ஆள் அனுப்பினால் ஆள் திரும்பவில்லை. பக்கத்துப் பட்டாளத்தை உதவிக்குக் கூப்பிட வண்ண ஒளிக்குண்டுகளை வானத்தில் விட்டார். புழுதியிலும் புகையிலும் அது யார் கண்ணிலும் படவில்லை. மாலையில் இருந்த இரண்டே டாங்கிகளை அனுப்பினார். ஒன்றின் பீரங்கிக்குக் கொடுத்த குண்டு அதில் பொருந்தவில்லை, மேல்கூண்டும் திரும்பவில்லை. அது திரும்பி வந்துவிட்டது. மற்றொன்று ஆற்றுக்குள் இறங்கிப் பாறையில் வயிறு தட்டி நின்றது. மேல்தளபதி பல கிலோமீட்டர் தள்ளி இருந்தார். நேரில் வந்து பார்க்கவில்லை. இரண்டு அணிகளை அனுப்புவதாகச் சொன்னார். அவை வந்து சேர நேரமாயிற்று.

இருட்டிவிட்டது. தன் முன்னணி அணிகள் அழிந்தே போயின என்று ஆண்ட்ரூ முடிவு செய்தார். விடிந்தால் மீண்டும் குண்டு விழும், மிச்சமுள்ளவர்களும் போவார்கள். குன்றை விட்டுப் பின்வாங்கினார்.

அந்த அணிகள் அழியவில்லை, வாசகர்களே! திடலோரத்திலும் ஆற்றங்கரையிலும் இன்னும் காவல் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நடுநிசியில் திடலோரத்து அணியிலிருந்து ஆள் குன்றுக்குப் போய்ப் பார்த்தால், அங்கே யாரும் இல்லை. நம்மவர் போய்விட்டார்கள்! விடிவதற்கு முன் அவர்கள் பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தூங்கிக் கிடந்த ஜெர்மானியருக்குப் பக்கத்திலேயே பூனை நடை நடந்து வெளியேறினார்கள்.

காலையில் குன்று 107 வெறுமையாக இருந்தது. ஜெர்மானியர் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். அந்த இரவு ஒரு திடமான எதிர்த்தாக்குதல் வந்திருந்தால் தாங்கியிருக்க மாட்டோம் என்று ஷ்டூடண்டே பின்னாளில் ஒப்புக்கொண்டார். தோட்டா தீர்ந்து, ஆளும் குறைந்து கிடந்தவர்களுக்குக் குன்று தானாக வந்து மடியில் விழுந்தது. 21ஆம் தேதி மாலை, இன்னும் பீரங்கிக் குண்டு விழுந்துகொண்டிருந்த திடலில், மலைப்படை வீரர்களைச் சுமந்த விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. சில தீப்பிடித்தன, சில மோதிக்கொண்டன. ஆனாலும் ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

ஆண்ட்ரூவைக் கோழை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. காது கேளாமல், கண் தெரியாமல் உட்கார்ந்திருந்தவர் அவர். என் வருத்தமெல்லாம் மேலே இருந்தவர்கள் மீதுதான்.

அதற்குக் காரணம் உண்டு. ஜெர்மானியரின் இரகசிய வானொலிச் செய்திகளைப் பிரிட்டிஷார் இங்கிலாந்தில் உடைத்துப் படித்துவந்தார்கள். 1974இல்தான் இந்த விஷயம் உலகத்துக்குப் பரவலாகத் தெரியவந்தது. வான்படை வரப்போகிறது, எங்கே இறங்கும் என்பதெல்லாம் பிரைபெர்க்குக்கு முன்கூட்டியே வந்துவிட்டது. ஆனால் கடல் வழியாகவும் ஒரு கூட்டம் வருகிறது என்ற செய்தியும் கூடவே இருந்தது. அது சிறு பாய்மரக் கப்பல்களில் வந்த சுமார் 2,300 பேர்தான். பிரைபெர்க் அதைப் பெரும்படை என்று எடுத்துக்கொண்டார், கடற்கரையைக் காக்க நல்ல பட்டாளங்களை நிறுத்திவைத்தார் என்பது பல வரலாற்றாசிரியர்களின் கருத்து. இல்லை, இரகசியம் வெளியாகக் கூடாதென்று அவர் கை கட்டப்பட்டிருந்தது என்று வாதிடுவோரும் உண்டு. எப்படியானாலும், 21ஆம் தேதி இரவு மலேமேயை மீட்கப் புறப்பட வேண்டிய ஒரு பட்டாளம், கடற்கரைக் காவலுக்கு மாற்று ஆள் வரும்வரை காத்திருந்தது. மணிக்கணக்கில் தாமதம். மவோரி வீரர்களும் அவர்களோடு சேர்ந்து கத்தி முனையில் போராடித் திடலின் ஓரம்வரை வந்துவிட்டார்கள். அதற்குள் விடிந்துவிட்டது. விடிந்தால் வானம் ஜெர்மானியருடையது. அதே இரவில்தான், எதற்குப் பயந்து காத்திருந்தார்களோ அந்தச் சிறு கப்பல்களைக் கடற்படை நடுக்கடலில் சிதறடித்திருந்தது!

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படை மலையேறித் தெற்குக் கரைக்கு நடந்தது. ஸ்பாக்கியா என்ற மீனவக் கிராமத்திலிருந்தும் ஹெராக்லியோனிலிருந்தும் கடற்படை 16,000க்கு மேற்பட்டோரை இரவோடிரவாக ஏற்றிச் சென்றது. சுமார் 12,000 பேர் சிறைப்பட்டார்கள். ஜூன் 1ஆம் தேதி கடைசிக் கப்பல் போன பிறகு ஸ்பாக்கியா பக்கம் 5,000க்கு மேற்பட்டோர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரெத்திம்னோவில் ஆஸ்திரேலியர் தங்கள் திடலைக் கடைசிவரை விடவே இல்லை. பின்வாங்கச் சொன்ன உத்தரவும் அவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை.

இதைப் படித்தபோது என் தாத்தா சொன்னது நினைவுக்கு வந்தது. 1941 கடைசியில் ஜப்பான்காரன் இறங்கி வருகிறான் என்ற பேச்சு தோட்டமெங்கும். ஒரு நாள் விடியற்காலை வழக்கம்போலப் பெரட்டுக்குப் போய் நின்றிருக்கிறார்கள். பேர் கூப்பிட யாரும் வரவில்லை. துரை இராத்திரியே காரை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர்ப் பக்கம் போய்விட்டாராம். வெளிச்சம் வந்த பிறகும் சனங்கள் வாளியும் கத்தியுமாக வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார்கள் என்பார் தாத்தா. அந்த நிற்றலுக்குப் பிறகு வந்த பசியும், சயாம் ரயிலும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

சரி, இந்தச் சண்டையிலிருந்து யார் என்ன படித்தார்கள்? இதுதான் எனக்கு இன்றும் வியப்பு. ஜெர்மானியர் தரப்பில் மாண்டவரும் காணாமற்போனவரும் சேர்த்து ஏறக்குறைய 4,000 பேர். சுமார் 500 போக்குவரத்து விமானங்களில் 150க்கு மேல் நாசம். வென்ற ஹிட்லர், வான்குடை வீரர்களின் காலம் முடிந்துவிட்டது என்று ஷ்டூடண்டிடம் சொல்லிவிட்டார். அதன் பிறகு அவ்வளவு பெரிய வான்படைத் தாக்குதலை ஜெர்மனி நடத்தவே இல்லை. 1942இல் மால்டா தீவைப் பிடிக்கப் போட்ட திட்டமும் கிடப்பில் போனது. தோற்றவர்களோ நேர்மாறாகப் படித்தார்கள். 'இவ்வளவு அடி வாங்கியும் தீவைப் பிடித்துவிட்டார்களே!' என்று பிரிட்டனும் அமெரிக்காவும் வான்குடைப் படைகளை டிவிஷன் கணக்கில் பெருக்கின. துப்பாக்கியைப் பெட்டியில் போடாமல் குதிக்கிறவன் உடம்போடு அனுப்பினார்கள். 1943இல் சிசிலி, 1944 ஜூனில் நார்மண்டி. ஆனாலும் 1944 செப்டம்பரில், ஹாலந்தின் ஆர்ன்ஹெம் ஊரில், இறங்கிய படையின் வானொலிகள் சரியாக வேலை செய்யவில்லை. ஒருவரோடு ஒருவர் பேச முடியாமல் தவித்தார்கள். போன சுமார் 10,000 பேரில் ஆற்றைக் கடந்து திரும்பியவர்கள் கால்வாசி அளவுதான்.

விமானத் திடலைக் காக்கத் தனிப்படை வேண்டும் என்பதும் கிரீட் கற்பித்ததுதான். பிரிட்டன் 1942 பிப்ரவரியில் அதற்கென்றே ஒரு படைப்பிரிவை அமைத்தது. நமக்கு அது பிந்திவிட்டது. 1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவில் ஜப்பானியர் கரையேறியபோது, அவர்கள் திடலின் வேலிக்கே வந்துவிட்டதாக ஒரு பொய்ச் செய்தி பரவியது. திடலில் இருந்தவர்கள் கலைந்தார்கள். மலேமேயில் செய்தி வராததால் போனது, இங்கே வராத எதிரியை வந்ததாகச் சொன்னதால் போனது. மேலே விமானக் காவல் இல்லாமல் கப்பல் நிற்க முடியாது என்பதையும் கிரீட் காட்டியிருந்தது. அங்கே பிரிட்டிஷாரின் மூன்று குரூசர்களும் ஆறு டிஸ்டிராயர்களும் மூழ்கின. ஏழு மாதம் ஆவதற்குள், டிசம்பர் 10ஆம் தேதி, நம் குவாந்தான் கடலில் 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' என்ற இரண்டு பெருங்கப்பல்கள் அதே மாதிரி போயின. 840 பேர் அவற்றோடு போனார்கள். படித்த பாடத்தைப் பரீட்சைக்குள் மறந்த மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களால் யாரும் சாவதில்லை.

அரிவாளும் தடியுமாக நின்ற ஊர்மக்களை மறந்துவிடாதீர்கள். படைகள் கப்பலேறிப் போன பிறகு அவர்கள் போக இடமில்லை. ஜூன் 2ஆம் தேதி கொண்டோமாரி கிராமத்து ஆண்களை ஜெர்மானியர் ஒலிவத் தோப்பில் நிறுத்திச் சுட்டார்கள். மறுநாள் கண்டானோஸ் என்ற ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கி, இனி இங்கே ஊர் எழாது என்று பலகை நட்டார்கள். ஊர் மீண்டும் எழுந்துவிட்டது. பலகையின் வாசகத்தை அவர்களே நினைவுச் சின்னத்தில் வைத்திருக்கிறார்கள்.

நான்கு ஆண்டு ஆக்கிரமிப்பில் தீவுக்காரர்கள் மலையில் மறைந்திருந்து போராடினார்கள். அங்கே செய்தி கொண்டுபோவது கம்பியும் அல்ல, வானொலியும் அல்ல, கால். ஜார்ஜ் சைக்கோண்டாக்கிஸ் என்ற ஆடு மேய்க்கும் இளைஞர் அப்படி ஒரு செய்தி ஓட்டக்காரர். கிராமத்துப் பள்ளியில் கொஞ்சம் படித்தவர், அவ்வளவுதான். மலைமலையாக ஓடி, பிடிபடாமல் செய்தி சேர்த்தார். போர் முடிந்ததும், படையை விட்டு ஓடியவன் என்று தவறாக எண்ணி அவரை அவர் நாட்டு அரசாங்கமே சிறையில் போட்டது. தன் ஓட்டத்தின் கதையை எழுதினார். அது ஆங்கிலத்தில் நூலாக வந்தது. பிற்காலத்தில் ஹோமரின் இரண்டு காவியங்களையும் கிரீட் பேச்சு வழக்கில் பெயர்த்து, ஏதென்ஸ் அறிஞர் சபையின் பாராட்டையும் பெற்றார். கிராமத்துப் பள்ளி என்று யாராவது இளக்காரமாகப் பேசினால் நான் இவரைத்தான் சொல்லுவேன்.

மாண்ட ஜெர்மானியருக்கு மலேமேயில் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 4,000க்கு மேற்பட்டவர்கள் அங்கே படுத்திருக்கிறார்கள். 1974இல் திறந்தார்கள். அதற்குக் காவல்காரராகச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் இதே சைக்கோண்டாக்கிஸ்தான். தன் ஊரைப் பிடிக்க வந்தவர்களின் கல்லறைகளைப் பல ஆண்டுகள் பராமரித்தார். 2006இல் இறந்தார்.

கல்லறைத் தோட்டம் இருக்கும் இடம், ஆண்ட்ரூ அந்த இரவில் விட்டுவிட்டுப் போன குன்று 107.